அசோகர் ஆட்சியில் தமிழகம் இருந்ததா?

மௌரியப் பேரரசு கன்னியாகுமரி வரை பரவியிருந்தது, சேர சோழ பாண்டியர் அசோகருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று சிலர் ஒரு வரைபடத்தோடு பகிர்ந்திருக்கிறார்கள். அந்த வரைபடம் சரியில்லைங்க. அசோகரே அதை மறுக்கிறார்!

அவருடைய 2ஆம் பெரும்பாறைக் கட்டளையில் (பாறைகளில் பொறித்துவைத்த அரசாணைகளில் ஒன்று), மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்த இடங்களைச் சொல்கிறார். முதலில் 'தாம் வென்ற நாடு முழுவதும்' என்கிறார். அப்புறம் தனியாக, எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரை (அதாவது சேரரை) குறிப்பிடுகிறார். அதே வரிசையில்தான் கிரேக்க மன்னன் அந்தியோகஸும் வருகிறான். அவன் அசோகருக்கு அடங்கியவன் என்று யாரும் சொல்வதில்லையே! (அந்தச் சத்தியபுத்திரர் நம்ம அதியமான் மரபுதான். திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு அதைக் காட்டுகிறது.)

சரிபார்ப்பது சுலபம். குஜராத்தின் கிர்நார், உத்தராகண்டின் கால்சி பாறைகளில் இந்தக் கட்டளை இன்னும் இருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 1925இல் வெளியிட்ட அசோகர் கல்வெட்டுத் தொகுப்பில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2ஆம் கட்டளையின் முதல் வாக்கியத்தைப் படித்தாலே போதும். நேரமிருந்தால் 13ஆம் கட்டளையையும் பாருங்கள், அங்கேயும் சோழ பாண்டியர் எல்லைக்கு வெளியேதான்.