பங்கு யாருக்கு என்ற வரியைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்கு நாகரிகத்தைக் கொண்டுபோனார்கள் என்று பேச்சாளர் சொன்னது இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. நான் எழுந்து பேசியதை மட்டும் வெட்டிவிட்டார்கள். சரி, இங்கே சொல்கிறேன். அவர்கள் போனது பணத்துக்காக.

என் அப்பா பத்திர எழுத்தர். "முன்னுரையில் எல்லாரும் நல்லவர்கள்தான். யாருக்கு எவ்வளவு என்ற இடத்துக்குப் போ" என்பார். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1492 ஏப்ரலில், ஸ்பெயின் அரசரும் அரசியும் அவரோடு ஸ்பெயினிலுள்ள சாந்தா ஃபேயில் ஒப்பந்தம் போட்டார்கள். முத்து, ரத்தினம், பொன், வெள்ளி, வாசனைப் பொருள் எது கிடைத்தாலும் செலவு போகப் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. மதம் பரப்புவது பற்றி அதில் ஒரு வரி இல்லை. கரை கண்ணில் படுவதற்கு முன்பே பங்கு பிரித்தாகிவிட்டது. 1607இல் வட அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயரைக் குடியேற்றியதும் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனிதான்.

பாதிரியார்கள் பக்தியோடு போகவில்லையா என்பீர்கள். போனார்கள். 1511இல் ஸ்பெயின் பிடித்திருந்த கரீபியன் தீவு நகரமான சாண்டோ டொமிங்கோவில், மொன்டெசினோஸ் என்ற துறவி பூர்வகுடிகளைக் குறித்து "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று பிரசங்கத்திலேயே கேட்டார். அதைக் கேட்டுக் கொதித்தவர்கள் அந்த மக்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஆளுநர் டியேகோ, கொலம்பஸின் மகன்.

அப்புறம் அந்த மிளகாய்க் கேள்வி. அவர்கள் போகாவிட்டால் உங்கள் குழம்பில் மிளகாய் ஏது என்று பேச்சாளர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. எனக்கு வலித்தது அங்கேதான். மிளகாய் விதையை விலைகொடுத்து வாங்கியிருக்கலாம். அதற்காகத் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையைக் குடைய வேண்டியதில்லை. 1545இல் அங்கே வெள்ளி கிடைத்தது. 1570களில் சுற்று வட்டார ஊர்கள் ஏழு ஆண்களுக்கு ஒருவரைச் சுரங்கத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று ஸ்பானியர்கள் ஆணை போட்டார்கள். முதுகில் தாதுமூட்டை, கட்டைவிரலில் கட்டிய மெழுகுவத்தி, அந்த வெளிச்சத்தில் தோல் ஏணியைப் பிடித்து மேலே ஏற வேண்டும். வெளியே வந்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. இதைச் சொல்லத்தான் எழுந்தேன். உணர்ச்சிவசப்படாதீர்கள் என்று உட்காரவைத்தார்கள்.

1513இல் ஸ்பெயின் ஓர் அறிவிப்பு தயாரித்தது. இந்த நிலம் எங்கள் அரசருக்குப் போப் கொடுத்தது, பணிய மறுத்தால் போர் தொடுப்போம், உங்களையும் பெண்டு பிள்ளைகளையும் அடிமையாக்குவோம், வரும் சாவுக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். பூர்வகுடி மக்களுக்கு ஒரு சொல்லும் புரியாத ஸ்பானிஷில் அதை வாசித்துவிட்டுத் தாக்கினார்கள். அப்படி ஒரு நோட்டீஸை யாராவது எழுதித் தரச் சொல்லியிருந்தால், அப்பா பேனாவை மூடி வைத்திருப்பார்.