கேசினோ வந்தால் கடைத்தெரு பிழைக்குமா?

சிகாகோவின் தென்புறநகரில், ஹோம்வுட், ஈஸ்ட் ஹேசல் கிரெஸ்ட் ஆகிய இரண்டு ஊர்களின் எல்லையில், ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டி 2024 நவம்பரில் விண்ட் கிரீக் கேசினோ என்ற சூதாட்ட விடுதி திறக்கப்பட்டபோது, இந்தப் பகுதியில் வசிக்கும் பலரும் அதைப் பெரிய நம்பிக்கையோடு வரவேற்றார்கள். ஐம்பது கோடி டாலருக்கு மேல் முதலீடு, பல நூறு வேலைகள், பதினாறு மாடித் தங்கும் விடுதி என்று பட்டியல் நீண்டது. மூடிக் கிடக்கும் கடைகளுக்கும் இனி விடிவுகாலம் பிறக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கேசினோ நடத்த மாநில அரசு தரும் இந்த ஒரே உரிமத்துக்காக மேட்டசன், கேலுமெட் சிட்டி உள்ளிட்ட அண்டை ஊர்களும் போட்டியிட்டன. மேட்டசன் கடைசிச் சுற்று வரை வந்து, 2021 டிசம்பரில் வாய்ப்பை இழந்தது. அந்த ஏமாற்றம் அங்குள்ள மக்களிடம் இன்னும் ஆறவில்லை.

நலிந்துபோன புறநகர்களில் காலியான மால் ஒன்றைக் காட்டி, இங்கே ஒரு கேசினோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேசினோ நகராட்சியின் கஜானாவுக்குப் பணம் கொண்டுவரும். கடைத்தெருவுக்கு ஆள் கொண்டுவராது. இவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து மக்களிடம் ஒப்புதல் கேட்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தப் பகுதியின் கடைகள் எப்படி அழிந்தன என்பதைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பார்க் ஃபாரஸ்ட் ஊரில், நாட்டின் முதல் பெரிய புறநகர் வணிக வளாகங்களில் ஒன்று 1940களின் இறுதியிலேயே உருவானது. ஹார்வியில் 1966-இல் டிக்சி ஸ்கொயர் மால் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டு, அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்து நின்று, 2012-இல்தான் இடித்துத் தள்ளப்பட்டது. மேட்டசனில் 1973-இல் திறந்த லிங்கன் மால் முதலில் பார்க் ஃபாரஸ்டின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது. பிறகு அதுவும் மெல்ல மெல்லத் தேய்ந்து, 2015 ஜனவரியில் கதவடைத்து, இன்று இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இந்தக் காலத்தில்தான் தென்சிகாகோவின் எஃகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. விஸ்கான்சின் ஸ்டீல் 1980-இல் ஒரே நாளில் நின்றுபோனது, யு.எஸ். ஸ்டீலின் சவுத் வொர்க்ஸ் 1992-இல் முடிவுக்கு வந்தது.

வேலை போனது ஒரு காரணம். நிறம் இன்னொரு காரணம், அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. கறுப்பினக் குடும்பங்கள் இந்த ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறக் குடியேற, வெள்ளையர்கள் வெளியேறினார்கள். மேட்டசன் நிர்வாகம் 1990களின் நடுவில் வெள்ளை இனக் குடும்பங்களை வரவழைக்கத் தனியே ஒரு விளம்பர இயக்கமே நடத்தியது. புதிதாக வந்தவர்கள் ஏழைகள் அல்லர். ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு ஊழியர்கள், மருத்துவர்கள் என்று நல்ல வருமானம் உள்ள குடும்பங்கள் ஒலிம்பியா ஃபீல்ட்ஸ், ஃபிளாஸ்மூர் போன்ற ஊர்களில் இன்றும் நிறைந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் பெரிய கடைகள் மேற்கே ஆர்லண்ட் பார்க்குக்கும் கிழக்கே பக்கத்து மாநிலமான இந்தியானாவுக்கும் போய்விட்டன. கையில் பணம் இருக்கும் மக்கள் நல்ல துணிக்கடைக்கும் நல்ல உணவகத்துக்கும் அரை மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஊரில் வாங்கும் சக்தி இல்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது காரணம் சொத்து வரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளைத் திறக்க விடாமல் இன்றும் தடுப்பது இதுதான். இந்த ஊர்கள் பெரும்பாலும் அடங்கும் குக் மாவட்டத்தில் வீட்டின் சந்தை மதிப்பில் பத்து சதவீதத்தின் மீதும், கடைக் கட்டடத்தின் மதிப்பில் இருபத்தைந்து சதவீதத்தின் மீதும் வரி கணக்கிடப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்புக்கும் காவலுக்கும் ஆகும் செலவு ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஊரில் கடைகளும் ஆலைகளும் குறைந்தால், மிஞ்சியிருக்கும் சொத்துகள் அந்தச் சுமையைச் சுமக்க வரி விகிதம் ஏறுகிறது. விகிதம் ஏறினால் இன்னொரு கடை மூடுகிறது. மறுபடியும் விகிதம் ஏறுகிறது. தென்புறநகரின் சில ஊர்களில் கடைக் கட்டடத்தின் மீதான ஆண்டு வரி அதன் சந்தை மதிப்பில் பத்து சதவீதத்தையும் தாண்டுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியானா மாநிலமோ வணிகச் சொத்து வரிக்கு மூன்று சதவீத உச்சவரம்பை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் பகுதியில் இந்திய மளிகைக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் தம் வாடகைக் கடிதத்தை என்னிடம் காட்டியிருக்கிறார். வாடகை ஒரு வரிசையில் இருந்தது. கட்டடத்தின் சொத்து வரியில் அவருடைய பங்கு அடுத்த வரிசையில் இருந்தது. வரியின் தொகை வாடகையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றது. "அரிசி மூட்டைக்கு ரெண்டு டாலர் லாபம் வெச்சு விக்கறேன். இதை எங்கேருந்துங்க கட்டறது?" என்றார். அடுத்த குத்தகைக்கு அவர் இங்கே கையெழுத்துப் போடவில்லை. இப்போது இந்தியானாவில் கடை நடத்துகிறார், நாங்கள் அங்கே போய் வாங்குகிறோம். 2023-இல் நடந்த மறுமதிப்பீட்டுக்குப் பிறகு, தெற்கு, தென்மேற்குப் புறநகர்களில் வீட்டு வரியின் இடைநிலை ஏறக்குறைய இருபது சதவீதம் உயர்ந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் சிறிய ஊர்களில் ஏற்றம் இன்னும் கடுமை. வரி கட்டியபின் குடும்பத்தின் கையில் மிஞ்சுவதில்தானே உள்ளூர்க் கடை பிழைக்க வேண்டும்?

இவ்வளவு நோய்களுக்கும் கேசினோ எந்த வகையில் மருந்தாகும் என்று எனக்குப் புரியவில்லை. கேசினோ என்பது வந்தவரை வெளியே விடாமல் வைத்திருப்பதற்காகவே வடிவமைக்கப்படும் தொழில். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியவர் நேராக வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழைகிறார். அங்கிருந்து ஸ்லாட் இயந்திரங்களுக்கு நடுவே வந்துவிடுகிறார். பசித்தால் உள்ளேயே உணவகம் இருக்கிறது, ஆடிய ஆட்டத்துக்கு உறுப்பினர் அட்டையில் சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்தே சாப்பிடலாம். தூக்கம் வந்தால் மேலே அறை இருக்கிறது. திரும்பும்போது வந்த வழியே நெடுஞ்சாலைக்கு ஏறிவிடுகிறார். ஹால்ஸ்டெட் சாலையில் இரண்டு மைல் தள்ளி இருக்கும் செருப்புக்கடைக்கோ முடிதிருத்தகத்துக்கோ அவர் போவதற்கு ஒரு காரணமும் இல்லை. வருபவர் உள்ளூர்க்காரராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் இயந்திரத்தில் போட்ட பணம், வேறொரு வாரத்தில் ஏதாவது கடையில் செலவாகியிருக்க வேண்டிய பணம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டினால் இந்தியானாவின் கேரி நகரம் இருக்கிறது. 1996 ஜூனில் அங்கே ஏரிக்கரையில் இரண்டு கேசினோக் கப்பல்கள் வந்து நின்றன. அவற்றில் ஒன்று டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனத்துடையது. நகரம் மீண்டெழும் என்று அன்றும் சொன்னார்கள். 1990-இல் ஏறக்குறைய 1,17,000 ஆக இருந்த மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பில் 69,000 ஆகக் குறைந்திருந்தது. கப்பல்கள் வந்தபின் கழிந்த கால் நூற்றாண்டும் கேசினோப் பணம் நகராட்சிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சம்பளம் கொடுக்கவும் காவல் வண்டி வாங்கவும் அது உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நகரின் முதன்மைக் கடைவீதியான பிராட்வேயில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டடத்துக்குக் கட்டடம் பலகை அடித்த சன்னல்களே எதிர்ப்படும். கப்பல்களுக்குப் பதிலாக 2021 மே மாதம் திறந்த ஹார்ட் ராக் கேசினோவும் நெடுஞ்சாலை ஓரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. தொழில் ரீதியாக அது சரியான முடிவு. கேசினோவுக்கு நெடுஞ்சாலை வேண்டும், கடைவீதி தேவையில்லை.

பென்சில்வேனியா இதையே வேறு வழியில் முயன்றது. 2017-இல் அம்மாநிலம் சிறு கேசினோக்களுக்குச் சட்டம் இயற்றியதும், காலியான மால் கடைகள் கேசினோக்களாக மாறின. வெஸ்ட்மோர்லேண்ட் மாலில் பான்-டன் கடை இருந்த இடத்தில் 2020-இலும், யார்க் கேலரியாவில் சியர்ஸ் இருந்த இடத்தில் 2021-இலும் அவை திறந்தன. வாடகையும் விளக்கு வெளிச்சமும் வந்ததென்னவோ உண்மை. ஆனால் பள்ளிச் சீருடை வாங்கப் பிள்ளைகளோடு மாலுக்கு வரும் தாய்க்கு, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்கள் நுழைய முடியாத கேசினோவால் என்ன பயன்? தங்கள் எல்லைக்குள் சிறு கேசினோ வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள அந்தச் சட்டம் ஊர்களுக்கு வாய்ப்புத் தந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகள் ஒதுங்கிக்கொண்டன.

கேசினோவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கெதிரே நடக்கும் ஒன்றை நாம் கவனிக்கத் தவறுகிறோம். இல்லினாய் மாநிலத்தில் 2012 முதல் மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் லாரி நிறுத்தங்களிலும் வீடியோ சூதாட்ட இயந்திரங்கள் இயங்குகின்றன. இன்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவை இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சாலையோர வணிக வரிசைகளில், முன்பு பூக்கடையோ தையல்கடையோ இருந்த இடத்தில் இப்போது சின்னதாக ஒரு 'கஃபே' இருக்கும். கண்ணாடிக்கு உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். உள்ளே சுவரோரமாக ஆறு இயந்திரங்கள், ஆறு உயர நாற்காலிகள், ஓரத்தில் பெயருக்கு ஒரு மது மேடை. பகல் பதினொரு மணிக்கும் இரண்டு நாற்காலிகளில் ஆள் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இயந்திரங்களின் வருவாயில் ஐந்து சதவீதம் நகராட்சிக்கு வருகிறது. காலிக் கடை ஒன்று குறைந்தது என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடையால் பக்கத்துக் கடைக்கு ஒரு வாடிக்கையாளரும் கூடுதலாக வரவில்லை.

கேசினோவை ஆதரிப்பவர்களின் வாதத்தில் வலுவான ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். எல்லைக்கு அப்பால் ஹாமண்ட் நகரில் 1996 முதல் கேசினோ நடக்கிறது. நம் மக்களின் பணம் எப்படியும் அங்கே போகிறது, அது இங்கேயே இருந்தால் நம் நிதிப் பள்ளத்தையாவது மூடிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஓய்வூதியப் பாக்கியில் மூழ்கும் நகராட்சிக்கு இது சின்ன விஷயமில்லை. வேலை கிடைத்தவர்களின் மகிழ்ச்சியும் உண்மையானது. நிதி நெருக்கடிக்கு இது ஒரு வழி என்று சொல்லிக் கேட்டிருந்தால், நான் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் விண்ட் கிரீக் கேசினோவுக்கு வழிவகுத்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே இதைவிடப் பெரிய யோசனை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசவில்லை. இந்தக் கேசினோவின் வரியில் உள்ளாட்சிகளுக்கு வரும் பங்கை ஹோம்வுட்டும் ஈஸ்ட் ஹேசல் கிரெஸ்ட்டும் மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. சுற்றியுள்ள தென்புறநகர் ஊர்களும் அதில் பங்கு பெறுகின்றன. ஓர் ஊரில் விளையும் வருவாய் பக்கத்து ஊர்களுக்கும் உரியது என்ற கொள்கையைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதானே இதற்குப் பொருள்? சூதாட்டப் பணத்துக்குப் பொருந்தும் நியாயம் துணிக்கடைப் பணத்துக்கு ஏன் பொருந்தாது? இல்லினாயில் விற்பனை வரியின் உள்ளூர்ப் பங்கான ஒரு சதவீதம், பொருள் விற்ற ஊருக்கே போய்ச் சேர்கிறது. மேட்டசன்காரர் ஆர்லண்ட் ஸ்கொயர் மாலில் ஆயிரம் டாலருக்குப் பொருள் வாங்கினால், அதில் பத்து டாலர் ஆர்லண்ட் பார்க்குக்கு. அவர் பிள்ளை நடந்துபோகும் சாலைக்கு விளக்குப் போட வேண்டிய மேட்டசனுக்கு ஒன்றும் இல்லை. கடைகளை இழந்த ஊர், தன் மக்கள் வேறிடத்தில் கட்டும் வரியையும் சேர்த்தே இழக்கிறது.

மினசோட்டா மாநிலம் இதற்கு 1971-இலேயே வழி கண்டது. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில், வணிகம் மற்றும் தொழில் சொத்துகளின் வரி மதிப்பில் அந்த ஆண்டுக்குப் பிறகு ஏற்பட்ட வளர்ச்சியில் நாற்பது சதவீதத்தைப் பொதுவில் வைத்து, வசதி குறைந்த ஊர்களுக்குக் கூடுதலாகப் பிரித்துத் தருகிறார்கள். பெரிய மால் எந்த ஊருக்கு வந்தாலும் அதன் பலன் கொஞ்சமாவது எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்கிறது. வரி விகிதம் எகிறுவதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கிறது.

கேசினோ உரிமத்துக்காகத் தென்புறநகர் மேயர்கள் ஆண்டுக்கணக்கில் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு நடையாய் நடந்தார்கள். அந்த உழைப்பையும் செல்வாக்கையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே மேயர்கள் ஒன்றுசேர்ந்து, விற்பனை வரியிலும் வணிகச் சொத்து வரி வளர்ச்சியிலும் பகுதி முழுமைக்கும் பங்கு கேட்டு அதே சட்டமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். அதுவரை, இப்போது வந்துகொண்டிருக்கும் கேசினோப் பணத்தைப் பொதுச் செலவில் கரையவிடாமல், அதில் ஒரு பகுதியையாவது சிறு கடைகளின் சொத்து வரியைக் குறைப்பதற்கென்று ஒதுக்கி, ஒதுக்கியது எவ்வளவு, அதனால் திறந்த கடைகள் எத்தனை என்று ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்க வேண்டும். ஹோம்வுட்டிலும் மேட்டசனிலும் ஹேசல் கிரெஸ்டிலும் வசிக்கும் நண்பர்கள், உங்கள் ஊரின் அடுத்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்று இந்தக் கணக்கைக் கேளுங்கள்.