பழைய புகைபோக்கிக்கு சிமென்ட் பூசாதீர்கள்

அண்ணா, "செங்கல் உதிர்ந்தால் புகைபோக்கி முழுக்க சிமென்ட் பூசிவிடுங்கள், 20 வருஷம் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். புதுக் கட்டடத்துக்கு வேண்டுமானால் சரி. பெங்களூரு குக் டவுன், ரிச்மண்ட் டவுன் பக்கம் மிச்சமிருக்கும் பழைய பங்களாக்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. செங்கல்லுக்குள் போன மழைநீர் பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான் காய்ந்து வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல்லின் முகமே ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது, இரண்டே மழைக்காலம். பூச்சைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம், பிய்த்தால் செங்கல் தோலும் சேர்ந்து கையில் வந்தது.

அதற்குப் பதிலாக, செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்து இணைப்புகளை உளியால் (கிரைண்டர் வேண்டாம், செங்கல் ஓரம் போய்விடும்) ஓர் அங்குலம் போலச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சில நாள் ஈரச் சாக்கு தொங்க வேண்டும். மேஸ்திரி முணுமுணுப்பார், விடாதீர்கள். புகைபோக்கியின் உச்சிப் பூச்சில் விரிசல் இருக்கிறதா, கூரை ஓடு அதோடு வந்து சேரும் இடத்தில் மழைநீரைத் தடுக்கும் தகடு தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் ஏறிப் பாருங்கள், பாதி ஒழுகல் அங்கிருந்துதான்.