துறைமுகத்தை மூடினால் சப்ளை அன்றைக்கே நின்றுவிடுமா?

கடற்போர் வியூக ஆட்டங்களில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவற்றில் எதிரியின் துறைமுகத்துக்கு முன்னால் கப்பலை நிறுத்தினால் போதும், அந்த டர்னிலேயே, அதாவது அந்த ஆட்டமுறையிலேயே, சப்ளை பூஜ்யம். கப்பலை நகர்த்தினால் உடனே பழையபடி முழு சப்ளை. முற்றுகையை இப்படி சுவிட்ச் மாதிரி வைப்பது பெரிய தப்பு. திருப்பூர்க்காரன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனாலும் 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது இங்கே பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்குத் தூக்கம் போனது. தூத்துக்குடி துறைமுகம் என்னவோ திறந்துதான் இருந்தது. ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் ஏறின. காலி கண்டெய்னர் திரும்பி வரவும் தாமதம். சீசன் தொடங்குமுன் கடைக்குப் போய்ச் சேராத டீ ஷர்ட்டுக்குப் பையர் முழு விலை தருவாரா? ஒரு துறைமுகம்கூட மூடப்படாமலே இத்தனையும் நடந்தது. இந்தத் தாமதத்தையும் செலவையும் எத்தனை ஆட்டங்கள் கணக்கில் எடுக்கின்றன?

எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஒற்றை ஜெர்மன் க்ரூசர் போர்க்கப்பல். அது மூழ்கடித்த கப்பல்களைவிட, அதற்குப் பயந்து துறைமுகத்தை விட்டே கிளம்பாத கப்பல்கள்தான் வங்காள விரிகுடா வணிகத்தை முடக்கின. ஆட்டத்தில் இதைக் கொண்டுவர, மூழ்கிய டன் கணக்கு மட்டும் போதாது. கிளம்ப மறுக்கும் கப்பலுக்கும் ஒரு விதி வேண்டும்.

ஆட்டங்கள் அதிகம் கோட்டை விடுவது முற்றுகை போடுகிறவனின் சப்ளையை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 ஏப்ரலில், அதிபர் லிங்கன் பிரிந்துபோன தென் மாநிலக் கடற்கரை முழுவதற்கும் முற்றுகை அறிவித்தார். நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், கொதிகலனுக்குப் பழுது பார்க்க வேண்டும், ஆட்களுக்கு ஓய்வு வேண்டும். அதனால்தான் அதே வருடம் நவம்பரில் தென் கரோலினா கரையிலுள்ள போர்ட் ராயலைப் பிடித்து, அதைத் தளமாக்கிக்கொண்டார்கள். அப்படியும் பஹாமாஸிலிருந்தும் பெர்முடாவிலிருந்தும் வேகக் கப்பல்கள் நுழைந்துகொண்டுதான் இருந்தன. முதல் உலகப் போரில் பிரிட்டன் ஜெர்மன் துறைமுக வாசலில் போய் நிற்கவே இல்லை. கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் பயந்து தூரத்தில், வட கடலின் இரண்டு வழிகளை மட்டும் அடைத்தது. உணவுத் தட்டுப்பாட்டில் ஜெர்மானியர்கள் டர்னிப் கிழங்கு தின்று காலம் தள்ளியது 1916–17 குளிர்காலத்தில். போர் தொடங்கி இரண்டு வருடம் கழித்து!

1945 மார்ச்சில் அமெரிக்கா பி-29 விமானங்களிலிருந்து ஜப்பானின் ஷிமோனோசெகி நீரிணையிலும் துறைமுகங்களிலும் கண்ணிவெடிகளைக் கொட்டியது. துறைமுகத்தின் முன் ஒரு போர்க்கப்பல்கூட நிற்காத முற்றுகை அது.

எல்லா ஆட்டங்களையும் குறை சொல்லவில்லை. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி ஆட்டத்தில் முற்றுகை நீள நீள நாட்டின் போர்ச் சோர்வு ஏறும். அது சரியான பாதை. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ல் 2021-க்கு அப்புறம் துறைமுகம், ரயில் பாதை, சப்ளை மையம் என்று சங்கிலி வந்துவிட்டது. இறக்கிய சரக்கை உள்ளே கொண்டுபோகப் பாதை இல்லையென்றால் துறைமுகம் இருந்தும் படை பட்டினிதான். ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் லாரி ஏற்றுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் போர்டு ஆட்டத்துக்குச் சொந்தமாகச் சில விதிகள் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கையிருப்பு உண்டு. முற்றுகை விழுந்தால் டர்னுக்குக் கொஞ்சமாகக் கரையும். முற்றுகையிடும் மூன்று கப்பலில் ஒன்று எப்போதும் எரிபொருளுக்காகத் தளத்துக்குப் போயிருக்கும். தளம் தூரமென்றால் இரண்டு. கண்ணிவெடி, போட்ட கப்பல் போன பிறகும் அங்கேயே இருக்கும், அள்ளினால்தான் போகும். இப்போதெல்லாம் முதல் சண்டை எதிரியின் பெரிய துறைமுகத்தில் நடப்பதே இல்லை. பக்கத்தில் எரிபொருள் ஏற்ற வசதியுள்ள ஏதோ ஒரு சின்னத் தீவுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். விதிகள் முழுதாக வேண்டுமென்றால் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்.