அதிருப்தி மட்டும்தானா?
திருப்திக்கு எதிர்ச்சொல் அதிருப்தி ஒண்ணுதான்னு கட்டுரையில சொன்னத என்னால ஏத்துக்க முடியல, அது பேப்பர்ல அதிருப்தி எம்எல்ஏன்னு போடுற வார்த்தை, வீட்ல யாரும் அப்படி பேசி நான் கேட்டதே இல்ல. அக்கா கல்யாணத்துல எங்க அப்பாயி இலைய மடிச்சிட்டு "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மாப்ள வீட்ல வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியே"ன்னாங்க, அதுக்குப் பேரு மனத்தாங்கல். தாத்தா இத பாக்காம போயிட்டாரேன்னு அன்னைக்கு ராத்திரி கண்ண தொடச்சிக்கிட்டே சொன்னாங்க பாருங்க, அது ஆதங்கம், ரெண்டும் வேற வேற. கட்டுரைக்கு கீழ கமெண்ட்ல ஒருத்தர் திருப்தி இல்லாததுக்கு தமிழ்ல பழைய சொல்லே இல்லன்னு எழுதியிருக்கார், வயிறார மனசாரன்னு தெனமும் சொல்றோமே அந்த ஆர்தலுக்கு, அதாவது நெறையறதுக்கு, எதிர்ப்பதம்தாங்க ஆராமை, குறள் 370ல "ஆரா இயற்கை அவா"ன்னு வருது, எவ்ளோ கிடைச்சாலும் நெறையாத ஆசைன்னு அர்த்தம்.