பெட்டியில் 1.6 ஜிகா, கையில் 94

300 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, வேகத்தைச் சோதிக்கும்போதெல்லாம் 94 என்றே வந்து நிற்கிறதா? இணைப்பு கொடுத்தவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். வழியில் எங்கேயோ ஒரு 100 மெகாபிட் போர்ட், அதாவது கேபிள் சொருகும் துளை, உட்கார்ந்திருக்கிறது. 100-இல் தகவலோடு ஒட்டிப் போகும் முகவரி போன்ற மேல்செலவு போக மிஞ்சுவது 94, 95தான். அந்தப் போர்ட் பெரும்பாலும் ஒரு ஸ்விட்சில், அதாவது பல கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியில், இருக்கும். அதை உங்கள் தலையில் கட்டியவர் இந்நேரம் இன்னொருவர் தலையில் கட்டிக்கொண்டிருப்பார்.

100 மெகாபிட் ஈதர்நெட் (கேபிள் வழி நெட்வொர்க்) 1995-இல் வந்த தரம். சாதாரணத் தாமிரக் கேபிளில் ஜிகாபிட் ஓடும் என்று தரம் வகுத்தது 1999-இல். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னமும் கடையில் போய் “எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு குடுங்க” என்றால், ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து வைப்பது 100-ஐத் தாண்டாத 10/100 டப்பாவைத்தான். ஜிகாபிட் இருக்கிறதா என்று நாமாகக் கேட்டால்தான் உள்ளே இருந்து வரும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுக்கிறாராம், நமக்காக.

எங்களுடையது சிவகாசியில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் அப்புறம் வருஷக் கடைசி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு ஃபைல் இரண்டு ஜிபி என்பது சர்வ சாதாரணம். அது டிசைன் போடும் கம்ப்யூட்டரிலிருந்து அச்சுக்கு பிளேட் (தகடு) எடுக்கும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். எட்டு பிட் ஒரு பைட்; 100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 12 மெகாபைட்கூட முழுசாகக் கிடைக்காது. இரண்டு ஜிபி போய்ச் சேர மூன்று நிமிடம். ஜிகாபிட்டில் அதே ஃபைல் இருபது வினாடியில் முடிந்துவிடும். இணையத்தை விடுங்கள், ஒரே அறைக்குள் இருக்கிற இரண்டு மேசைகளுக்கு நடுவில் இந்தக் கதி! திருத்தம் வந்தால் மறுபடி மூன்று நிமிடம். வாடிக்கையாளர் “சாமி படத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க” என்றால் மறுபடி மூன்று நிமிடம். பிளேட் எடுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதற்குக் காரணம், கண்காணிப்புக் கேமரா மாட்ட வந்த தம்பி. கேமராக்களுக்கென்று ஒரு பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புவது) கொண்டுவந்தார். சரி. கேமராவுக்கு 100 மெகாபிட் போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு கேமராவுக்கு நாலு மெகாபிட் என்று வைத்தாலும், எட்டுக் கேமரா மாட்டினால்கூட 32தான். ஆனால் “போர்ட் சும்மாதானே கிடக்கு அண்ணாச்சி” என்று ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் கேபிள்களையும் அதிலேயே சொருகிவிட்டுப் போய்விட்டார். யாரைக் கேட்டார்?

கூத்து அதோடு முடியவில்லை. இந்த மாதிரி கேமரா ஸ்விட்சுகள் பலவற்றில் ஓரமாக நகத்தால் நகர்த்துகிற அளவுக்கு ஒரு குட்டிப் பித்தான் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ‘எக்ஸ்டென்ட்’. வழக்கமான 100 மீட்டர் எல்லையைத் தாண்டி 250 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதற்காக வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கிவிடும் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் தள்ளினால் ‘விலேன்’. அதில் ஒரு போர்ட்டுக்கு அடுத்த போர்ட் தெரியாது; எல்லாமே ரௌட்டர் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட்டோடு மட்டும்தான் பேசும். கேமராவுக்கு நல்ல ஏற்பாடு. ஆபீசுக்கு? இணையம் அருமையாக வரும், ஆனால் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் தெரியாது, பிரிண்டர் தெரியாது. பிரிண்டரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது, ஃபயர்வாலை அணைப்பது, கடைசியில் விண்டோசையே புதிதாகப் போடுவது என்று ஊரெல்லாம் செய்யும் பரிகாரங்களுக்கு ஒரு கணக்கே இல்லை. அத்தனைக்கும் காரணம் அரிசி அளவுப் பித்தான். அதன் மேல் கேபிள் கட்டு வேறு மறைத்துக்கொண்டிருக்கும்.

இனி பெட்டிக்கு வருகிறேன். கோபம் தலைக்கேறுவது அங்கேதான். எட்டு போர்ட் 10/100 ஸ்விட்சின் அட்டைப்பெட்டியில் ‘1.6 ஜிபிபிஎஸ் ஸ்விட்சிங் கெப்பாசிட்டி’ என்று போட்டிருக்கும். ஜிகா என்ற எழுத்தைப் பார்த்ததும் நம்ம ஆள் மயங்கிவிடுவார். கணக்கு என்ன தெரியுமா? ஒரு போர்ட் 100. போக 100, வர 100. எட்டு போர்ட். 1,600 மெகாபிட். பந்தியில் எட்டுப் பேர் இலையிலும் விழுந்த சோற்றைக் கூட்டி, அதை இரண்டால் பெருக்கி, “இவ்வளவும் உங்களுக்குத்தான்” என்பதுபோல. அந்த எண்ணில் பொய் இல்லை, அதுதான் எரிச்சலே. எட்டு போர்ட் ஜிகாபிட் ஸ்விட்சில் அதே கணக்கு 16 வரும். ஆகவே 1.6-ஐப் பார்த்தால் ஜிகாபிட் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் புள்ளியை எண்ணுங்கள்.

ரௌட்டர்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏசி1200 என்ற வகையில் வைஃபையின் இரண்டு அலைவரிசை வேகங்களான 300-ஐயும் 867-ஐயும் கூட்டி, அதை 1200 ஆக்கி முகப்பில் பெரிதாகப் போடுவார்கள். திருப்பிப் பார்த்தால் அதிலும் பல மாடல்களில் பின்னால் இருப்பது 100 மெகாபிட் போர்ட்டுகள். இணையம் உள்ளே நுழைகிற வாசலே 100. காற்றில் 1200 ஓடி யாருக்கு என்ன லாபம்? ஃபைபர் பெட்டியிலும் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100 என்ற வகை உண்டு. எந்தப் போர்ட் எது என்று மாட்டிவிட்டுப் போகிறவர் சொல்ல மாட்டார்.

கடைசியில் நல்ல ஜிகாபிட் ஸ்விட்சாக வாங்கியாயிற்று. மாட்டியாயிற்று. மறுபடியும் 94.

ஏனென்றால் கேபிள். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் நாலு போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். “நாலு கம்பி போதும் சார், நெட்டு வரும்” என்று கிரிம்ப் பண்ணுகிறவர்கள் (கேபிள் முனையில் ஜாக்கைக் கடித்துப் பொருத்துகிறவர்கள்) இருக்கிறார்கள். மிச்சம் நாலில் இன்னொரு ஜாக் போட்டு, ஒரே கேபிளில் இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எட்டையும் போட்டும் ஒன்று சரியாகக் கடிபடாமல் இருந்தால், பல ஸ்விட்சுகள் முனகக்கூட முனகாமல் 100-க்கு இறங்கிவிடும். நின்றுபோனாலாவது தேடலாம். இது ஓடிக்கொண்டே ஏமாற்றும். கம்ப்யூட்டரில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்து இணைப்பு வேகம் 1000 என்கிறதா, 100 என்கிறதா என்று ஒவ்வொரு மேசையிலும் பார்த்தால் ஒழிய தெரியாது.

அதற்கும் மேலே, அந்தக் கேபிள் தாமிரமே இல்லாமல் இருக்கலாம். உள்ளே அலுமினியம், மேலே தாமிரப் பூச்சு. உறையில் கேட் 6 என்று அச்சடித்திருக்கும். கேட் 6 தரத்துக்கு முழுத் தாமிரம் வேண்டும், இது அந்தக் கணக்கிலேயே வராது. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். இதில் பிஓஇ மின்சாரம் அனுப்பினால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும், கேபிள் சூடாகும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? இரவுப் பார்வைக்கான விளக்கு எரிய ஆரம்பித்ததும் கூடுதல் மின்சாரம் கேட்கிறது, அது வந்து சேரவில்லை. உடனே ‘கேமரா போயிடுச்சு, புதுசு வாங்குங்க’ என்பார்கள்.

சில இடங்களில் கேபிள் மேல் பழி இல்லை, ஸ்விட்சே காரணம். எட்டு போர்ட் பிஓஇ என்று விற்பார்கள். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரலாம். எட்டுக்கு 123 வாட் வேண்டும். அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 65 வாட் என்று இருக்கும். எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு எட்டு வாட். சாதாரணக் கேமராவுக்கு ஒப்பேறும். சுழலும் கேமரா ஒன்றிரண்டு சேர்ந்தால் போச்சு. மொத்த பட்ஜெட் (எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்துத் தரும் வாட்) எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் “பட்ஜெட் நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அடாப்டர் என்றதும் இன்னொன்று. 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே உருண்டை முனையைப் போடச் சொன்ன புண்ணியவான் யார்? 5 வோல்ட் ஸ்விட்சில் 12 வோல்ட் தாராளமாக நுழைகிறது. புகை வந்தால், “எரிஞ்சதுக்கு வாரண்டி கிடையாது.”

லூப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் ஏறிவிட்டால் மொத்த ஆபீசும் படுத்துவிடும். எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்து மின்னும். ஈதர்நெட் தகவலுக்கு இத்தனை முறை சுற்றியதும் செத்துப்போ என்ற விதி கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கும் வழியை ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். மலிவு ஸ்விட்சுகள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை.

இதற்கு நேரெதிர் ஆட்களும் உண்டு. அஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீசுக்கு 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றி நிர்வகிக்கக்கூடியது), அதை மாட்ட ரேக், விசிறி இரைச்சல் எல்லாம் சேர்த்து கொட்டேஷன் தருவார்கள். அந்த மேனேஜ்டை யார் மேனேஜ் செய்வது என்றால் வருஷ ஒப்பந்தமாம்.

இப்போது ஆபீசுக்குத் தனி ஜிகாபிட் ஸ்விட்ச், கேமராவுக்குத் தனி டப்பா என்று பிரித்து, கேபிளையும் எட்டுக் கம்பியோடு மாற்றியாயிற்று. ஃபைல் இருபது வினாடியில் போகிறது. கேமரா டப்பாவில் மிச்சம் இருந்த போர்ட்டுகளை மூடி செல்லோடேப் ஒட்டி, மேலே ‘தொடாதே’ என்று எழுதியும் வைத்தேன். போன வாரம் சர்வீசுக்கு வந்தவர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு பிளேட் கம்ப்யூட்டர் கேபிளை அதில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். போன் போட்டுக் கேட்டால், “போர்ட் சும்மாதானே சார் இருந்துச்சு?”