அத்தானின் டீ டின்

தாராவியில் அக்கா வீட்டு அடுப்படியில் ஒரு டீ டின் இருக்கிறது. வெளியே பெரிய கம்பெனி பெயர், இரண்டு இலையும் ஒரு மொட்டும் போட்ட படம். உள்ளே 90 அடி சாலை அண்ணாச்சி கடையில் வாங்கிய லூஸ் தூள். விலை ஏறக்குறைய பாதி. இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது, அத்தானுக்கு மட்டும் தெரியாது. காலையில் முதல் வாய் குடித்ததும் "என்னதான் சொல்லு மாப்ள, கம்பெனி டீ கம்பெனி டீதான்" என்பார். அக்கா என்னைப் பார்ப்பாள். நான் காலண்டரைப் பார்ப்பேன்.

(அத்தான் முகநூலில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற சொந்தபந்தங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவும்.)

"பிராண்ட் எல்லாம் சும்மா, எல்லாம் ஒரே சரக்குதான்" என்று நானும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தவன். அத்தான் கதையை அதற்குச் சாட்சியாகவும் சொல்லி வந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

என் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள். "அப்பா, சும்மா பேசாதீங்க, சோதிச்சுப் பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டாள். உணவுக் கம்பெனிகளில் செய்கிற சோதனையாம். மூன்று டம்ளர், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது தனி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற கேள்வியே முதலில் கிடையாது. டம்ளருக்கு அடியில் குறி போட்டு ஊற்றியது அவள். எதில் எது என்று தெரியாமல் கொண்டுவந்து வைத்தது என் மனைவி. கொடுப்பவருக்குத் தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். இதற்கென்று நிஜமான கம்பெனி டீ கால் கிலோ புதிதாக வாங்கினோம்.

இங்கிலாந்தில் 1920களில் ஒரு அம்மா, பாலை முதலில் ஊற்றினதா டீயை முதலில் ஊற்றினதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல்காரர் அதை விளையாட்டாக விடவில்லை. எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில் என்று கணக்குப் போட்டார். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70-ல் ஒரு வாய்ப்புதான். இதை மகள் சொன்னபோது அத்தான், "வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்ல" என்றார். ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்கு சுற்று நடந்தது. நான்கிலும் அத்தான் தனியாக நின்ற டம்ளரைச் சரியாக எடுத்தார். மூன்றில் ஒன்று என்று நான்கு தடவை அதிர்ஷ்டத்தில் அமைய 81-ல் ஒரு வாய்ப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்கு நாக்கு இருக்கிறது! இத்தனை நாள் அவரை வைத்துச் சிரித்தேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு மகள் கேட்டாள், "மாமா, இதுல கம்பெனி டீ எது?"

நான்கு சுற்றிலும் அண்ணாச்சி கடைத் தூளைத்தான் காட்டினார். நிஜமான கம்பெனி டீயைத் தள்ளிவைத்து, "இது லூஸ் தூள், வாடையே சொல்லுதே" என்றார். அக்கா கரண்டி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து என் கட்சி மாறிவிட்டது. வித்தியாசமே இல்லை என்பது தப்பு. வித்தியாசம் நாக்குக்குத் தெரிகிறது. ஆனால் எது உசத்தி என்று அதற்குத் தெரியாது. பழகினதைத்தான் உசத்தி என்று சொல்கிறது. இரண்டு வருடம் எந்தத் தூளைக் குடித்தாரோ, அதுதான் அத்தானுக்குக் கம்பெனி டீ.

இதே ஊரில் இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பம்பாயில் வெண்ணெய் என்றால் போல்சன் கம்பெனி வெண்ணெய்தான். பாலேட்டை உடனே கடையாமல் வைத்திருந்து, புளித்த பிறகு கடைந்து, உப்பைத் தாராளமாகப் போட்ட வெண்ணெய். 1950களில் குஜராத்தின் ஆனந்த் என்ற ஊரில் இருந்து, அமுல் பால் கூட்டுறவை நடத்திய குரியனின் ஆட்கள் புதுப் பாலேட்டில் எடுத்த வெண்ணெயை அனுப்பினார்கள். எருமைப் பால் என்பதால் வெள்ளை வெளேரென்று இருந்தது, உப்பும் இல்லை. சுத்தம் என்று பார்த்தால் இதுதான் மேல். ஆனால் பம்பாய்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, சப்பென்று இருக்கிறது என்றுவிட்டார்கள். கடைசியில் உப்பும் போட்டு, மஞ்சள் நிறமும் சேர்த்த பிறகுதான் ஓடியது. இன்று பாவ் பாஜியின் தலையில் உருகுகிற மஞ்சள் வெண்ணெய்தான் அசல் வெண்ணெய் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஊருக்குப் போனால் ஆச்சி கடைந்து கொடுக்கிற வெண்ணெயைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1985-ல் கோக் கம்பெனி பல ஆயிரக்கணக்கான பேருக்குப் பெயர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் புது ருசியை இறக்கியது. சோதனையில் புதியதுதான் ஜெயித்தது. கடைக்கு வந்ததும் ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். ஏப்ரலில் மாற்றியவர்கள் ஜூலையில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாதபோது ஒன்று, தெரிந்தபோது ஒன்று. இதில் எதை 'நிஜமான ருசி' என்பது? பெயரையும் சேர்த்துத்தானே விழுங்குகிறோம். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லி ஒரு தடவை, 90 டாலர் என்று சொல்லி ஒரு தடவை கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். விலை கூடச் சொன்னபோது இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக வேலை செய்தது. ஆக, டின்னைப் பார்த்துக் குடித்தால் ருசிக்கிறது என்று சொல்கிற அத்தான் நடிக்கவில்லை.

உப்பையும் சோதித்தோம், ரசத்தில் போட்டு. ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கரைந்தபின் உப்பு உப்புதான். அயோடின் கலந்ததா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

பெருங்காயத்தில் நிலைமை வேறு. அக்கா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, வாயில்கூட வைக்காமல், மூக்கிலேயே ஒவ்வொரு தடவையும் பிரித்துவிட்டாள். எது நல்லது என்றும் சரியாகச் சொன்னாள். டப்பாவின் பின்னால் பாருங்கள், நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். கோந்தும் மாவும் கலந்ததுதான். காயம் குறைந்து மாவு கூடினால், கொதிக்கிற எண்ணெய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முப்பது வருடம் தாளித்த மூக்கை ஏமாற்ற முடியாது. (நம்மவர்கள் தமிழ்நாட்டுச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிற எல்.ஜி. பெருங்காயம், 1894-ல் இந்த ஊரில் தொடங்கியது. லால்ஜி கோதூ என்பதுதான் அந்த எல்.ஜி. ஊரில் இருந்து வருகிறவர்கள் பம்பாய்க்குப் பெருங்காயம் வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.)

அதனால் கிள்ளிப் போடுகிற, வாசனைக்காகப் போடுகிற சாமானில் காசு பார்க்காதீர்கள் என்பேன். இஞ்சி தட்டி, பாலும் சீனியும் கொட்டிக் கொதிக்கவைக்கிற டீக்கு எதற்கு அவ்வளவு விலை? கம்பெனிக்காரர்கள் பல தோட்டத்து இலையைக் கலந்து வருடம் முழுவதும் ஒரே ருசியாகத் தருகிறார்கள், அந்த வேலைக்குக் காசு உண்டுதான். ஆனால் நம் வீட்டு இஞ்சி தினமும் ஒரு ருசி. பிறகு அந்த ஒரே ருசியை எங்கே தேடுவது?

நாக்கால் பிடிக்க முடியாததைச் சில நேரம் கண்ணால் பிடிக்கலாம். பாக்கெட்டின் பின்னால் 14 இலக்கத்தில் உணவு உரிம எண் இருக்கும். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வருகிற மலிவு பாக்கெட்டையும் விளம்பரத்தில் வருகிற பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து, தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று படித்துப் பாருங்கள். சில சமயம் இரண்டும் ஒரே தொழிற்சாலையாக இருக்கும். ஒரே தொழிற்சாலை என்பதால் ஒரே கலவை என்று ஆகிவிடாது, அதற்குச் சேர்மானப் பட்டியல் இருக்கிறது. எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். மகள் பிறந்தநாளுக்கு ஒரு தடவை பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கினேன். எல்லாரும் சப்புக்கொட்டித் தின்று முடித்த பிறகு டப்பாவைக் கழுவும்போதுதான் பார்த்தேன், 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று பொடி எழுத்தில் இருந்தது. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். பத்துப் பேர் நாக்கில் ஒன்றுகூடப் புகார் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் விலைதான் கொடுத்திருந்தேன், அது மட்டும் இன்னும் வயிற்றெரிச்சல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். குளுக்கோஸ் பிஸ்கட்டில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று இருந்தேன். பல வருடம் வெஸ்டர்ன் லைனில் அந்தேரிக்கு வேலைக்குப் போனவன். விலே பார்லே வந்தால் கண்ணைத் திறக்காமலே தெரியும், வண்டிக்குள் பிஸ்கட் வேகிற வாசனை நிறைந்துவிடும். 2016-ல் அந்தப் பார்லே பிஸ்கட் ஆலையை மூடிவிட்டார்கள். அப்புறமும் ரொம்ப நாள், அந்த ஸ்டேஷன் வந்தால் மூக்கு தானாக விரியும். மகள் பார்லே-ஜியையும் ஒரு சூப்பர்மார்க்கெட் பிஸ்கட்டையும் வைத்தாள். தனியாக நின்றதைச் சரியாகவே எடுத்தேன். பார்லே எது என்றபோது, யோசிக்கவே இல்லை, வாசனை பிடித்து மற்றதைக் காட்டினேன். மூன்று தடவை. மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

வாங்கின கால் கிலோ கம்பெனி டீ அக்கா வீட்டில் மிச்சமாகிவிட்டது. அத்தான் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார், லூஸ் தூள் வாடை அடிக்கிறதாம். இப்போது அதை நான்தான் குடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.